புதுப்பிப்பு: மகளின் மார்ச்சிங் பேண்ட் முகாம்

டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகள் கிளாரினெட் வாசிப்பவள், மார்ச்சிங் பேண்டின் (மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழு) கோடை முகாமுக்கு என்னென்ன தேவை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முகாம் தொடங்கிவிட்டது.

மரக் கிளாரினெட்டை வீட்டிலேயே வைக்கச் சொன்னீர்களே, நல்ல யோசனை. அந்த வெயிலுக்கு மரம் விரிசல் விட்டுவிடும். மைதானத்துக்கு பிளாஸ்டிக்தான். தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு கேலன் தண்ணீர்க் கேன் எல்லாம் சரி. ஷூதான் இழுத்தடித்தது. அணிவகுத்து நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றி, விரல் நுனி வரை பாதத்தை உருட்டி வைக்க வேண்டுமாம். குதிகால் தடித்த ஓட்டக் காலணியில் அது வராது. அடிப்பாகம் தட்டையானதாகப் பார்த்து வாங்கினோம்.

வாசிப்பதைவிட நடப்பதுதான் கஷ்டம் என்கிறாள். 5 கெஜத்துக்குச் சரியாக 8 காலடி, அதாவது ஒவ்வொன்றும் 22.5 அங்குலம். நெட்டையோ குட்டையோ, எல்லாருக்கும் அதே அளவு! என் மகள் குட்டை, பாவம். மளிகைக் கடைக்குப் போனாலும் எண்ணிக்கொண்டேதான் நடக்கிறாள்.

மதியத்துக்குத் தயிர்சாதம். வேறெதுவும் இறங்கவில்லையாம்.

அப்புறம் ஒரு சந்தேகம்: கிளாரினெட்டின் துளைகளை விரலால் மூட வசதியாகச் சீருடைக் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிடுகிறார்களாமே, நாமே வெட்டலாமா, வெட்டியதாகவே வாங்கலாமா?