மழைக்காலத்தில் ஒரு கூடம், 31 பிள்ளைகள்: எல்லாரும் சேர்ந்து ஆட என்ன விளையாட்டு?

கோரையாற்றங்கரை:
திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 சேர்த்து 31 பேர். ஒருத்தி சக்கர நாற்காலியில் வருகிறாள். பிறவியிலேயே முதுகுத்தண்டுக் கோளாறு, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லை. ஒருவனுக்கு மூளை முடக்குவாதம், பந்தைப் பிடிக்க விரல் மடங்காது. இரண்டு பேருக்குப் பார்வை மங்கல். பி.இ.டி. பீரியட் என்றால் நாலு பேரும் ஸ்கோர் எழுதத்தான். ஐப்பசி பிறந்தால் மைதானம் களிமண் சேறு. மிச்சம் 40க்கு 20 அடியில் தகரக் கூரைக் கூடம், சிமெண்ட் தரை. பணம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதில் தொடங்குவது?

பயறுமூட்டை:
போச்சியா. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தைக் கொண்டுபோகும் ஆட்டம். அதற்கு ஆடுகளம் 12.5க்கு 6 மீட்டர்; உங்கள் கூடம் 12.2க்கு 6.1. ஓரடி குறைந்தால் குடி முழுகாது. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவது, அதனால் யாருக்கும் தனிச் சலுகை வேண்டியதில்லை. முதலில் வெள்ளைப் பந்தை உருட்ட வேண்டும். பிறகு சிவப்பு 6, நீலம் 6. வெள்ளைக்கு எந்த அணி தூரமோ அந்த அணிதான் அடுத்து எறியும்.

பந்து வாங்க வேண்டாம், தைக்கலாம். அளவு 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ. ஆற்று மணலை நிரப்பினால் அரைக் கிலோ ஆகிவிடும். நெல் 200 கிராமைத் தொடாது, சுணை வேறு குத்தும். பச்சைப்பயறு கச்சிதம். தாளடி நெல் அறுவடையை ஒட்டி வயலில் விதைக்கும் அதே பயறுதான். 13 பந்துக்கு மூணரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. பழைய யூனிஃபார்ம் பேண்ட் துணி, இரட்டைத் தையல்.

விரல் மடங்காத பையனுக்கு 4 இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, ஒன்றரை மீட்டர் சரிவாக நிறுத்துங்கள். பயறுப் பந்து சரிவில் உருளாது, வழுக்கி நின்றுவிடும். பழைய டென்னிஸ் பந்தை 2 செ.மீ. கீறி, காய்ந்த மணலைக் கெட்டியாக அடைத்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டுப் போடுங்கள். பாதி நிரப்பினால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டு நிற்கும்.

முக்கியமானது: பைப்பைத் திருப்பும் துணையாள் ஆடுகளத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். எவ்வளவு திருப்புவது, எந்த உயரத்தில் பந்தை விடுவது என்று சொல்வது அந்தப் பையன். துணையாள் திரும்பிப் பார்த்தால் ஆட்டம் துணையாளுடையதாகிவிடும். பிள்ளைகள் முதல் நாளே செய்யும் தப்பு இது.

வலைக்குக்_கீழே:
உட்கார்ந்து ஆடும் வாலிபாலையும் சேருங்கள். 10க்கு 6 மீட்டர், பக்கத்துக்கு 6 பேர். பெரியவர்களுக்கு வலை ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05 மீட்டர், ஆறாம் வகுப்புக்கு 90 செ.மீ.யில் ஒரு கயிறு கட்டினால் போதும். பந்தைத் தொடும் நேரத்தில் பிட்டத்திலிருந்து தோள்வரை ஏதாவது ஒரு பாகம் தரையில் பட்டிருக்க வேண்டும். நடக்கிற பிள்ளைகள் முழங்காலில் எம்பிவிடுவார்கள். அதைப் பார்க்க மட்டும் ஒரு நடுவரைப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் பலூன், பிறகு பந்து.

இயன்முறை:
மேலே சொன்ன பலூன் கூடவே கூடாது. முதுகுத்தண்டுப் பிறவிக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மற்றவர்களைவிட மிக அதிகம். மூச்சுத் திணறல்வரை போகும். காற்றடித்த பிளாஸ்டிக் கடற்கரைப் பந்து போதும். டென்னிஸ் பந்தும் ரப்பர்தான், அவளுக்குப் பயறுப் பந்து மட்டும்.

அவளைச் சிமெண்டில் உட்கார வைத்து நகரச் சொல்லவும் வேண்டாம். தோல் உரிந்தாலும் அவளுக்குத் தெரியாது. அந்தப் புண் ஆற மாதக் கணக்கு ஆகும். வட்டார வள மையத்து இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வாலிபாலை அவள் நாற்காலியிலிருந்தே ஆடட்டும், பிரேக் போட்டு.

சலங்கை:
பார்வை மங்கலான இருவருக்கும் கோல்பால். மணி போட்ட பந்தை உருட்டி கோல் போட வேண்டும், எதிரணி சத்தத்தைக் கேட்டுத் தடுக்க வேண்டும். பக்கத்துக்கு 3 பேர், எல்லாருக்கும் கண்கட்டு. முழு ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். கூடத்துக்கு ஏற்பச் சுருக்குங்கள். கோட்டுக்கு அடியில் 3 மி.மீ. சணல் வைத்து, மேலே டேப் ஒட்டினால் கால் விரலே கோட்டைக் கண்டுபிடிக்கும். பழைய கூடைப்பந்தைக் கீறி, எட்டுச் சலங்கை மணி போட்டு ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்தாவிட்டால் மணி கேட்காது. தகரத்தில் மழை விழுந்தால் விட்டுவிடுங்கள், அன்றைக்குப் போச்சியா.

ஒன்று: 'பார்வையற்றவர் படும் கஷ்டத்தை உணருங்கள்' என்று ஒரு நாள் மட்டும் கண்ணைக் கட்டி நடக்கவிடும் நிகழ்ச்சி வேண்டாம். தடுமாறிப் பயந்துபோய், பாவம் என்ற நினைப்போடுதான் பிள்ளைகள் திரும்புவார்கள். ஆட்டமாக ஆடும்போது அந்த இருவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கோரையாற்றங்கரை:
நன்றி. பலூன் பாக்கெட் திரும்பிப் போகிறது. பயறில் வண்டு வைக்காதா?

பயறுமூட்டை:
வைக்கும். மூணு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத் தையுங்கள். பந்திலிருந்து மாவு கொட்டினால் பிரித்துக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதுசு நிரப்ப வேண்டியதுதான்.