ஏசி தண்ணீர் எங்கே போகிறது? டிரெயின் பைப் போட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, சென்னை

புது ஏசி வாங்கும்போது எத்தனை டன், எத்தனை ஸ்டார், இன்வெர்ட்டரா இல்லையா என்று எல்லாம் விசாரிக்கிறோம். அதிலிருந்து வருகிற தண்ணீர் எந்த வழியாகப் போய் எங்கே விழப்போகிறது என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடுத்தபடியாகச் சண்டை வருவது இதனால்தான். மூன்றாவது மாடி ஓஸிலிருந்து சொட்டுவது இரண்டாவது மாடி சன்ஷேடில் விழுந்து ராத்திரி முழுக்கச் சத்தம். கொடியில் காயும் துணி நனைகிறது. வெளிச்சுவரில் பாசி பிடித்து பெயின்ட் உரிகிறது.

சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாக இறக்கும். புழுக்கம் அதிகமான நாளில் அதற்கு மேலும் வரும். இரவெல்லாம் ஓடினால் ஒரு வாளி சேரும். நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்குள் அதைத் தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. வாட்டம் இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும்.

எங்கள் படுக்கையறையின் வெளிச்சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு. அந்தப் பக்கம் தண்ணீர் விட முடியாது. கீழே வரை பைப் இறக்கவும் சங்கத்தில் சம்மதிக்கவில்லை. ஆகவே ஹால் வழியாகப் பால்கனிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஏசி மாட்ட வந்தவர்கள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இன்டோரை, அதாவது அறைக்குள் மாட்டும் பாகத்தை வைத்து, வளைகிற ஓஸை அப்படியே ஹால் வழியாக இழுத்துவிடலாம் என்றார்கள். என் மச்சான் கட்டட மேஸ்திரி. அவர் இன்டோரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. "முதல்ல தண்ணி விழுற இடத்தைக் காட்டுங்க தம்பி, அங்கிருந்து பின்னாடி வருவோம்" என்றார்.

விழுகிற இடம் பால்கனியில் இருக்கும் நஹானி டிராப், அதாவது நாற்றம் ஏறாமல் தடுக்கக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் தரை வடிகால். அங்கிருந்து பின்னோக்கி அளந்தோம். வழியில் பால்கனிக் கதவு. அதன் நிலை ஏழடி உயரம். பைப் அதற்கு மேலேதான் போக வேண்டும். இன்டோரின் டிரெயின் வாய் ஏழரை அடியில் வரும். ஆக நமக்குக் கிடைப்பது அரையடி, அதாவது பதினைந்து சென்டிமீட்டர். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. மச்சான் இரண்டு வேண்டும் என்று நின்றார். ஐந்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், பைப்பின் கனம் மூன்று என்று வைத்தாலும் பதின்மூன்றுக்குள் முடிந்தது. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தால் இன்னும் இரண்டு மீட்டர் கூடி, நிலைக்கு மேல் இடித்திருக்கும். அதனால் இன்டோரையே பக்கச்சுவருக்கு மாற்றினோம். காற்று எங்கே அடிக்க வேண்டும் என்பதை ஸ்விங்கில் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம் என்று என் மனைவியும் ஒத்துக்கொண்டாள்.

ஓஸுக்குப் பதில் ஒரு இன்ச் பிவிசி பைப் போட்டோம். வளைகிற ஓஸ் இரண்டு கிளாம்புக்கு நடுவே தொங்கி விடும். தொங்குகிற இடத்தில் தண்ணீர் தேங்கி அழுக்கு படியும். வெயில் படுகிற இடமென்றால் சீக்கிரமே மொரமொரத்து உடைந்தும் போகும். ஆரம்பத்தில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்து, மேல் வாயை மூடியோடு விட்டோம். நாளைக்கு அடைத்தால் சுவரை உடைக்காமல் அதன் வழியே தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். ஹாலில் ஏசி இல்லாததால், குளிர்ந்த தண்ணீர் போகும் பைப்புக்கு வெளியிலேயே வேர்த்துச் சொட்டும் என்று மச்சான் சொல்லி, காப்பர் பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமையே இதற்கும் சுற்றினார். பால்கனியில் பைப்பின் நுனியை டிராப்புக்குள் விடவில்லை. ஜல்லடைக்கு இரண்டு இன்ச் மேலே நிறுத்தினோம்.

கடைசியில் இன்டோரின் முன்மூடியைக் கழற்றி, காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். பால்கனியில் முழுவதும் வந்து விழுந்த பிறகுதான் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்? குறிப்பாகச் சுவருக்குள் பைப் புதைத்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை

சார், சுவருக்குள் புதைத்தவர்களில் நாங்களும் உண்டு. வீடு கட்டும்போதே காடி எடுத்து, காப்பரையும் டிரெயினையும் உள்ளே போட்டுப் பூசிவிட்டார்கள். பார்க்க அழகு. கான்ட்ராக்டர் அந்த டிரெயினைக் கொண்டுபோய் பாத்ரூம் கழிவு லைனில் நேராகச் சேர்த்துவிட்டார். நடுவில் டிராப் வைக்கவில்லை.

கோடை முழுக்க எதுவும் தெரியவில்லை. மார்கழியில் ஏசி போடாமல் இருந்தபோது படுக்கையறையில் சாக்கடை நாற்றம். எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்தி, பரணையெல்லாம் இறக்கிப் பார்த்தோம். இன்டோருக்கு நேர்கீழே நின்றபோதுதான் என் மாமியார் கண்டுபிடித்தார். கழிவு லைனிலிருந்து காற்று ஏறி, டிரெயின் வழியாக இன்டோருக்குள் வந்து, ஃபேன் போட்டதும் அறை முழுக்கப் பரவியிருக்கிறது. நாற்றம் மட்டும் பிரச்சினை இல்லை. கழிவு வாயுவில் இருக்கும் கந்தகம் காப்பர் காயிலை அரிக்கும், அப்புறம் கேஸ் லீக் என்று வந்து நிற்கும் என்று சர்வீஸுக்கு வந்தவர் விளக்கினார்.

பாத்ரூம் பக்கம் ஒரு டைல்ஸை மட்டும் எடுத்து, டிரெயினை லைனிலிருந்து பிரித்து, தரையில் இருக்கும் டிராப்புக்கு மேலே திறந்தபடி விழுமாறு மாற்றினோம். அதற்குள் இருக்கும் தண்ணீர் வாயுவைத் தடுத்துக்கொள்ளும். தினமும் குளிக்கிற அறை என்பதால் அது வற்றுவதும் இல்லை. புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்னாலேயே புதைத்த பைப்பில் தண்ணீர் ஊற்றி, எங்கே வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று நின்று பாருங்கள். பூசிய பிறகு யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது.

கோயம்புத்தூர்

ஏசி மாட்டுவதும் சர்வீஸும்தான் என் தொழில். வேளச்சேரி சார் சொன்னது எல்லாம் சரி. தொழில் பக்கத்திலிருந்து சிலது சேர்க்கிறேன்.

ஏசியிலிருந்து அறைக்குள் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. சுவரில் போட்ட ஓட்டையைப் பார்ப்பேன். அது வெளிப்பக்கம் அரை இன்ச்சாவது தாழ்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே வரும், டிரெயினும் வெளியேறாது. அடுத்தது டேப் சுற்றுகிற வரிசை. காப்பர், ஒயர், டிரெயின் ஓஸ் மூன்றையும் ஒன்றாகச் சுற்றும்போது ஓஸ் அடியில் இருக்க வேண்டும். அவசரத்தில் மேலே வைத்துச் சுற்றினால், காப்பரின் மேல் ஏறி இறங்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரே நாளில் நாலைந்து வீடு முடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அப்போது விடுபடுவது இதுதான். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

நிறைய மாடல்களில் டிரெயின் தட்டுக்கு இரண்டு பக்கமும் வாய் உண்டு. ஒன்றில் ஓஸ், இன்னொன்றில் ரப்பர் மூடி. வழி இடதுபக்கம் என்றால் ஓஸை இடதுக்கு மாற்றி, மூடியை வலதுக்கு இறுக்கிப் போட வேண்டும். அந்த மூடி பாதி ஏறியிருந்தால் சுவரோடு ஒழுகும். டிரெயின் அடைப்பு என்று நினைத்து ஓஸை ஊதிக்கொண்டே இருப்போம்.

வெளியே தொங்குகிற நுனியைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி வைக்காதீர்கள். நுனி மூழ்கினால் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளேயே நிற்கும். குளவி மண்கூடு கட்டிய ஓஸ்களும் பார்த்திருக்கிறேன், பல்லி சிக்கிய ஓஸும் பார்த்திருக்கிறேன். அதற்காக நெருக்கமான வலை கட்டினால் உள்ளேயிருந்து வரும் வழவழப்பு அதில் படிந்து அடைக்கும். சீசன் தொடங்கும்போது நுனியை ஒருமுறை பார்ப்பதுதான் நல்லது. அந்த வழவழப்பு தூசியிலும் ஈரத்திலும் வளர்கிற பாசி, நுண்ணுயிர். ஜெல்லி போல இருக்கும். வெளி நுனியில் வாக்வம் கிளீனர் வைத்து இழுத்தால் மொத்தமாக வந்துவிடும், ஆனால் தண்ணீரை இழுக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். ஏசியை நிறுத்திய பிறகு திடீரென்று கொட்டினால் அது டிரெயின் இல்லாமல் ஐஸாகவும் இருக்கலாம். ஃபில்டர் அடைத்தாலோ கேஸ் குறைந்தாலோ காயிலில் ஐஸ் கட்டும். நிறுத்தியதும் அது உருகித் தட்டு தாங்காமல் வழியும். ஃபில்டரைக் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் எங்களைக் கூப்பிடுங்கள்.

ஸ்கார்பரோ, கனடா

அண்ணா, இங்கே எங்களுக்குத் தொல்லை பனிக்காலத்தில்தான். எங்கட வீட்டின் நிலக்கீழ் அறையில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ், அதன் தலைக்கு மேலே ஏசியின் காயில். கோடையில் காயில் தண்ணீர் விடும், பனிக்காலத்தில் ஃபர்னஸே தண்ணீர் விடும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும். பழைய ஃபர்னஸ்கள் அதைச் சூட்டோடு புகைபோக்கியால் வெளியே விட்டன. இப்போது வருகிற 95 சதவீதத் திறனுள்ளவை அந்த ஆவியையும் குளிரவைத்து அதன் சூட்டையும் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் ஆவி தண்ணீராக இறங்கும்.

நாங்கள் வாங்கிய வீட்டில் முன்பு இருந்தவர்கள் அந்த டிரெயினைச் சுவர் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். ஜனவரியில் ஒரு இரவு மைனஸ் இருபதுக்குக் கீழே போனது. வெளியே இருந்த குழாயின் வாய் உறைந்து, தண்ணீர் திரும்பி ஃபர்னஸுக்குள் நின்று, பிரஷர் சுவிட்ச் மெஷினை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு படுத்தார்கள். தொலைபேசியில் ஒரு தொழில்நுட்பர் சொன்னபடி குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டதும் தேங்கியது இறங்கி, ஃபர்னஸ் மீண்டும் எரிந்தது.

அடுத்த நாள் வெளிவழியை மூடிவிட்டு, சின்னப் பம்ப் ஒன்று வைத்துத் துணி துவைக்கிற தொட்டிக்குத் திருப்பினோம். பம்புக்குள் மிதவை சுவிட்ச் இருக்கும். பம்ப் பழுதாகித் தண்ணீர் ஏறினால் மெஷினை நிறுத்துவதற்கென்று அதில் இரண்டு வயர் தனியாக வரும். சிலர் அதை இணைக்காமல் போய்விடுவார்கள், கேட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஃபர்னஸ் தண்ணீர் அமிலம், பிஎச் 3-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். வார்ப்பிரும்புக் குழாயையும் கொங்கிரீட்டையும் மெல்ல மெல்ல அரிக்கும். அதனால் சுண்ணாம்புக்கல் துண்டுகள் நிரப்பிய ஒரு குழாயை இடையில் வைத்திருக்கிறோம். கல் கரையக் கரைய மாற்ற வேண்டும்.

மதுரைக்காரர் சொன்ன வாசனை இங்கேயும் உண்டு. நிலக்கீழ் அறையின் தரை டிரெயினுக்குள் தண்ணீர் வற்றினால் வாயு வரும். மாதத்துக்கு ஒருக்கால் ஒரு வாளி ஊற்றிவிடுவேன்.

அம்பத்தூர், சென்னை

2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது எங்கள் தெருவில் பல வீடுகளில் ஏசி தண்ணீரைப் பிடித்தோம். நாங்கள் இன்னமும் பிடிக்கிறோம். ஓஸ் நுனிக்குக் கீழே டிரம், நுனி மூழ்காதபடி மேல்மட்டத்தில் ஒரு ஓட்டை. கழிவறைக்கும் வீடு துடைக்கவும் செடிக்கும் அதுவே போகிறது. உப்பு இல்லாத தண்ணீர் என்பதால் தரையில் வெள்ளைத் திட்டு விழுவதில்லை. டிரம்மை மூடி, வாயில் துணி கட்டி வையுங்கள், கொசு வரும். ஆனால் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், காயிலின் தூசியைக் கழுவிக்கொண்டு வருவது அது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். தூசியும் காயிலின் உலோகமும் கொஞ்சம் கலந்திருக்கும். பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே வாங்குங்கள்.

திருச்சி

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக ஓஸை எடுக்கலாமா சார்?

வேளச்சேரி, சென்னை

எடுக்கலாம். ஆனால் ஜன்னல் மட்டம் இன்டோரைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஓஸ் எங்கேயும் மேலே ஏறக் கூடாது. ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி அக்ரிலிக் ஷீட் போட்டு, அதில் ஓட்டை எடுத்தால் போகும்போது கண்ணாடியை மாட்டிக் கொடுத்துவிடலாம். மேல் கண்ணாடியின் உயரத்தையும் இன்டோர் வரப்போகும் உயரத்தையும் இன்றைக்கே டேப்பில் அளந்து இங்கே எழுதுங்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள், மச்சானிடம் கேட்டுச் சொல்கிறேன்.