சனிக்கிழமை என்ன படம் போடலாம்?

கமலா அத்தை: சனிக்கிழமை மெய் லிங் வீட்டிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள். நிச்சயத் தேதி பேசும்வரை பிள்ளைகளுக்கு ஏதாவது சீனப் படம் போட வேண்டும். சொல்லுங்கள்.

தீபா: குரங்கு ராஜா?

பிரபு: நெஜா. சீனப் புராணத்துச் சிறுவன் சாமி. படம் 2021இல் வந்தது. பைக் ஓட்டுவான்

செல்வம் பெரியப்பா: அது வேண்டாம் பிரபு. 1920களின் ஷாங்காய் மாதிரி ஒரு ஊர், கடல் அரசன் குடும்பம் ஊர்த் தண்ணீரையே கையில் வைத்திருக்கும். யோசனை அருமை, ஆனால் சின்னப் பிள்ளைகள் பயப்படும். 2019இல் ஜியாவ்ஸி எடுத்த நெஜாவைப் போடுங்கள். மூலக்கதை ஃபெங்ஷென் யென்யி, மிங் காலத்து நாவல். அதில் நெஜா கடல் அரசன் மகனைக் கொன்றுவிடுவான். பழி பெற்றோர் மேல் விழக் கூடாதென்று தன் சதையையும் எலும்பையும் அறுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுப்பான். அப்போதும் அப்பன் மனம் இளகாது. அம்மா அவனுக்குக் கட்டிய கோயிலையும் எரித்துவிடுவார்.

சுந்தரி சித்தி: ஐயோ! பிள்ளைகளுக்கா இது?

கமலா அத்தை: அண்ணா, நல்ல காரியம் பேச வருகிறார்கள்

செல்வம் பெரியப்பா: அது நாவல் கமலா. படத்தில் அப்பாவையே மாற்றிவிட்டார்கள். மூன்று வயதில் இடி விழுந்து பிள்ளை சாகும் என்று விதி. அந்த இடி தன் மேல் விழட்டும் என்று அப்பா ஒரு மந்திரத் தாளை வாங்கி வைத்திருப்பார். பிள்ளைக்குத் தெரியாது. அந்த இடத்தை நான் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

தீபா: 🥺

செல்வம் பெரியப்பா: இன்னொன்று. நெஜா என்ற பெயரே நம் நளகூபரன்தான். பௌத்த நூல்களோடு சீனாவுக்குப் போன பெயர்.

கமலா அத்தை: கண்ணன் உரலை இழுத்துச் சாய்த்த மரமா?

செல்வம் பெரியப்பா: அவனேதான். குபேரன் மகன்.

சுந்தரி சித்தி: அண்ணி, சாப்பாடு? ஆட்டுக்கறி வைக்கலாமா?

கமலா அத்தை: வைக்கலாம். அவர்கள் பாட்டி குவான் யின் கும்பிடுபவர், மாட்டிறைச்சிதான் தொடமாட்டார். நம்மைப் போலவே

பிரபு: தேக்கா சந்தையில் மீனும் வாங்கவா?

கமலா அத்தை: வாங்கு. போன தீபாவளிக்குக் கொண்டுபோன என் பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது?

சுந்தரி சித்தி: எங்களிடம் இல்லை

தீபா: 🙈

முரளி: அந்தப் படம் எதில் இருக்கிறது?

செல்வம் பெரியப்பா: முரளி? சாப்பிட்டாயா அப்பா?

செல்வம் பெரியப்பா: என்னிடம் இருக்கிறது. இப்போதே அனுப்புகிறேன்.

முரளி: சரிப்பா

கமலா அத்தை: முரளி, நீயும் சனிக்கிழமை வா

தீபா: அப்போ படம் முடிவாகிவிட்டதா?

கமலா அத்தை: முதலில் அண்டாவைக் கண்டுபிடியுங்கள்