கடற்காகமும் (gull) ஆலாவும் (tern) ஜோடி சேரும்போது போடும் சத்தம்: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

மாடிவாசி:
இங்கிலாந்தில் பிரைட்டன், ஏப்ரல், விடிகாலை நாலரை. என் கட்டிலுக்கு நேர்மேலே புகைபோக்கி, அதில் ஹெர்ரிங் கடற்காக ஜோடி. தலையைக் காலடிவரை குனிந்து, அப்புறம் வானத்தைப் பார்த்துப் போடுமே, அந்த நீளக் கத்தல் பழகிவிட்டது. அன்றைக்குக் கேட்டது வேறு. எண்ணெய் காணாத கதவு மாதிரி மெல்லிய முனகல். கூரை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பெட்டை கூனிக்கொண்டே ஆணைச் சுற்றுகிறது, ஒவ்வொரு முனகலுக்கும் தலையை வெடுக்கென்று மேலே தூக்குகிறது. கடைசியில் ஆண் கழுத்து வீங்க, பாதி செரித்த மீனை அதன் முன்னால் கக்கியது. காதல் பரிசாம்! எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

மன்னார்க்காரி:
எங்கட பக்கம் சின்ன ஆலா. ஜூன் மாதம், காய்ந்த களப்பு, நல்ல வெயில். 'கிர்ரி கிர்ரி' என்று ஒன்று அலகில் குட்டி மீனோடு தாழப் பறந்து வந்தது. பெட்டை மணலில் பதுங்கி, விடாமல் கீச்சிட்டுக் கேட்டபடி இருந்தது. ஆண் முதுகில் ஏறின பிறகும் மீனை விடவில்லை! கத்திக்கொண்டிருந்த பெட்டை சட்டென்று அடங்கி, கழுத்தைத் திருப்பி அதை வாங்கிய அந்த ஒரு நொடி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தொலைநோக்கி:
மாடிவாசி, அது பரிசு இல்லை. முட்டை உருவாகப் பெட்டைக்குச் சத்து வேண்டும், அதற்கான சாப்பாடு. மீனை வாங்கினால் சம்மதம் என்றும் நினைக்காதீர்கள். கர்நாடகத்துப் பத்ரா அணையில் ஆற்று ஆலாப் பெட்டை ஒன்று மீனைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேவிட்டது, ஆண் 'கீக்' என்றபடி நின்றது.

சரி, மன்னார்க்காரி, அடுத்த தடவை சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஃபோன் மைக்கில் சாக்ஸ் மாட்டினால் காற்று இரைச்சல் குறையும். முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும். காலை வெயிலுக்கு முன் போங்கள். முட்டை கூழாங்கல் மாதிரிதான் தெரியும், அதனால் மணலுக்குள் கால் வைக்கவே வேண்டாம். தலைக்கு மேல் வந்து 'கிக் கிக்' என்று பாய்ந்தால் உடனே திரும்பிவிடுங்கள். தாய் எழுந்து நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும்.

மன்னார்க்காரி:
நான் ரோட்டில் இருந்துதான் பார்த்தேன், அண்ணா. பஸ்ஸுக்கு நின்ற நேரம்.

மாடிவாசி:
சாப்பாடோ பரிசோ, கக்கியது கக்கியதுதான். கூட்டை எடுக்கச் சொன்னால், பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டப்படி தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் கையை விரிக்கிறார். கட்டிலை நகர்த்திவிட்டேன். இன்னும் கேட்கிறது.