பாதாளச் சாக்கடை வரைபடத்தில் அம்புக்குறி லைன்டைப் எதிர்த்திசையைக் காட்டுகிறது

கேள்வி (வரைவாளர்):
வணக்கம். பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றுக்கான வரைபடத்தை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் தயாரித்து வருகிறேன். கழிவுநீர் ஓடும் திசையைக் குழாய்க் கோட்டிலேயே காட்டவேண்டும் என்பதற்காக, மென்பொருளுடன் வரும் லைன்டைப் (கோட்டு வகை) கோப்பிலிருந்து, எரிவாயுக் குழாயைக் காட்டும் கேஸ் லைன் வரையறையை நகலெடுத்து, அதிலுள்ள எழுத்துகளுக்குப் பதிலாக ">" என்ற குறியை இட்டேன். இடமிருந்து வலமாக வரைந்த குழாய்களில் அம்பு சரியாக அமைகிறது. வலமிருந்து இடமாக வரைந்தவற்றில் எதிர்த்திசையைக் காட்டுகிறது. கோட்டின் திசையைத் திருப்பும் ரிவர்ஸ் கட்டளையைக் கொடுத்தும் அம்பு திரும்பவில்லை. அதோடு, பல மேன்ஹோல்களைத் தொட்டுச் செல்லும் பாலிலைன்களின் (பல துண்டுகள் இணைந்த ஒரே கோடுகளின்) சில துண்டுகளில் அம்பே தோன்றுவதில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி (குழாய்த்தடம்):
வணக்கம். நீங்கள் நகலெடுத்த வரையறையில் "யூ=0.0" என்று ஒரு மதிப்பு இருக்கும், சிக்கல் அதில்தான் உள்ளது. கோடு எந்தத் திசையில் வரையப்பட்டாலும் எழுத்து தலைகீழாகிவிடாமல் நிமிர்ந்தே நிற்கவேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட சுழற்சி முறை அது. "கேஸ்" என்ற சொல்லுக்கு அது தேவை. அம்புக்கோ அதுவே கேடு: கோடு வலமிருந்து இடமாகச் சென்றாலும் ">" நிமிர்த்தப்பட்டு வலப்பக்கத்தையே நோக்கி நிற்கும், ஆகவே கோட்டைத் திருப்புவதாலும் பயன் இராது. அந்த "யூ" எழுத்தை "ஆர்" என்று மாற்றினால், அம்பு கோட்டின் திசையோடு சேர்ந்து திரும்பும்.

மில்லிமீட்டர் அளவில் நான் பயன்படுத்தும் வரையறை பின்வருமாறு (கோப்பில் இதனை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யவேண்டும்):

ஏ,12,-2,[">",ஃப்ளோ,எஸ்=2.5,ஆர்=0,எக்ஸ்=0,ஒய்=-1.25],-4

12 என்பது கோட்டுத் துண்டு. கழித்தல் குறியுள்ளவை இடைவெளிகள். எழுத்தின் அடிப்பகுதி கோட்டின்மேல் அமர்வதால், உயரத்தில் பாதியைக் கீழே இறக்கினால்தான் (ஒய்=-1.25) அம்பு நடுவில் வரும். "ஃப்ளோ" என்பது நானே உருவாக்கிய எழுத்துப் பாணி. ஸ்டாண்டர்டு பாணியைப் பயன்படுத்தினால், அதன் எழுத்துருவை வேறொருவர் ஏரியலாக மாற்றிய உடனே அம்புகள் நடுவிலிருந்து விலகிவிடும். தனிப் பாணியின் உயரத்தை 0 என்றே வைத்திருங்கள். இல்லாவிட்டால் எழுத்தின் அளவைக் குறிக்கும் எஸ் மதிப்பு அந்த உயரத்தோடு பெருக்கப்படும். லைன்டைப்பை ஏற்றுவதற்கு முன்பே அப்பாணி வரைபடத்தில் இருக்கவேண்டும் என்பதையும், கோப்பின் கடைசி வரிக்குப் பின் ஒருமுறை என்டர் அழுத்தவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

துண்டுகளில் அம்பு தோன்றாததற்குக் காரணம் வேறு. பாலிலைனின் ஒவ்வொரு முனையிலும் கோலம் (கோடும் அம்பும் அடுத்தடுத்து வரும் அமைப்பு) புதிதாகத் தொடங்குவதால், ஒரு முழுக் கோலத்துக்கு இடமில்லாத துண்டு வெறும் கோடாகவே வரையப்படும். பண்புப் பலகையில் லைன்டைப் ஜெனரேஷன் என்பதை இயக்கினால் கோலம் முனைகளைக் கடந்து தொடரும். புதிதாக வரைபவற்றுக்குப் இதையே கட்டுப்படுத்தும் பிளைன்ஜென் மாறியின் மதிப்பை 1 ஆக்கிக்கொள்ளலாம்.

மறுமொழி (மட்டக்கோல்):
மேலுள்ள விளக்கம் சரியானது. எனினும், இந்த அம்பு குழாயின் சரிவை அறியாது. எந்த முனையிலிருந்து வரையத் தொடங்கினோமோ அதை மட்டுமே அறியும். ஆகவே மேல்நிலை மேன்ஹோலிலிருந்து கீழ்நிலை மேன்ஹோலை நோக்கியே வரைவது என்று அலுவலகத்தில் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றவேண்டும். அச்சிடுவதற்கு முன் குழாயின் அடிமட்ட அளவுகளோடு ஒப்பிட்டு, மாறியிருப்பவற்றை ரிவர்ஸ் செய்யவேண்டும்.

உள்ளே நிரப்பிய அம்பு தேவையெனில், ஷேப் கோப்பைத் (லைன்டைப்பில் இடும் சிறு வடிவங்களின் கோப்பு) தொகுத்து உருவாக்குவதில் பயனில்லை, ஏனெனில் ஷேப்பில் கோடுகளையும் வளைவுகளையும் மட்டுமே வரைய முடியும். மேலும் அந்தக் கோப்பையும் வரைபடத்தோடு சேர்த்து அனுப்பாவிட்டால், பெறுபவரின் கணினியில் அம்புகள் தோன்றா. அதைவிட, எழுத்துப் பாணிக்கு விங்டிங்ஸ் 3 எழுத்துருவைக் கொடுத்து அதிலுள்ள நிரப்பிய முக்கோணத்தை இடுவது எளிது.

வரைவாளர்:
இருவருக்கும் நன்றி. "ஆர்" என்று மாற்றி, லைன்டைப்பை மீண்டும் ஏற்றி, வரைபடத்தைப் புதுப்பிக்கும் ரீஜென் கட்டளையைக் கொடுத்தவுடன் எல்லா அம்புகளும் கோட்டோடு திரும்பிவிட்டன. ஆனால் வீட்டு இணைப்புக் குழாய்களில் இன்னும் அம்பு வரவில்லை. வரைபடம் மீட்டரில் உள்ளது. 1:500 அளவில் அச்சிடுகிறோம்.

மறுமொழி (குழாய்த்தடம்):
கோலத்தின் மொத்த நீளம் 18 மில்லிமீட்டர். லைன்டைப்பின் அளவைக் கட்டுப்படுத்தும் எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல் மாறிகள் இரண்டும் 1 எனில், 1:500 தாளில் அது தரையில் 9 மீட்டராகும். அதைவிடக் குறுகிய இணைப்பில் அம்பு வர இடமில்லை. அக்குழாய்களுக்கு மட்டும் பண்புப் பலகையில் லைன்டைப் ஸ்கேலைக் குறைக்கலாம் என்றாலும், அம்பும் சேர்ந்து சிறுத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். குறுகிய இணைப்புகளுக்கு அம்பு பிளாக் (ஒரே பொருளாகச் சேமித்த குறியீடு) ஒன்றைக் குழாயின் நடுவில் வைப்பதே தெளிவாக இருக்கும்.