ஸ்லாட்டில் உட்கார்ந்தது, பயாஸில் காணோம்

சென்னையிலிருந்து:

என்னுடையது 2016 இல் வாங்கிய லேப்டாப். 1 டிபி ஹார்டு டிஸ்க், 5400 ஆர்பிஎம். காலையில் ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் பிரவுசர் திறக்கலாம், அந்த லட்சணம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், பிராசஸர் சும்மா இருக்கும். ராம் போடுங்கள் என்றார்கள். 4 ஜிபியை 8 ஆக்கினேன். குளிக்கிற நேரம் குறையவில்லை.

சரி என்று பின்பக்க மூடியைக் கழற்றினேன். எஸ்எஸ்டி அட்டை செருகுகிற எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். அன்றைக்கே ஆன்லைனில் 500 ஜிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று ஆர்டர் போட்டேன். வந்தது, ஸ்லாட்டில் சிக்கென்று உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறியது. லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் எழுகிற பயாஸில் மட்டும் காணோம். நாலு தடவை கழற்றி மாட்டினேன், அழிரப்பரால் துடைத்தேன், விற்றவரைப் போனில் திட்டவும் செய்தேன். பாவம் அந்த மனுஷன்.

மறுநாள் ரிச்சி தெரு. கடையில் இருந்த தம்பி லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. மாடல் நம்பரைக் கேட்டு போனில் ஏதோ பார்த்துவிட்டு, "சார், இதுல சாட்டா எம்.2 மட்டும்தான் எடுக்கும்" என்றார். எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்குப் பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே தகவல் போகிற வழி சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐஇ ஆகவும் இருக்கலாம் (என்விஎம்இ போவது இந்த வழியில்). இரண்டும் பெரும்பாலும் அதே 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். பல் வரிசையைப் பார்த்தால் சாட்டாவில் வழக்கமாக இரண்டு வெட்டு, என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. என் ஸ்லாட் இரண்டையும் உள்ளே விட்டது, பேசியது ஒன்றோடு மட்டும்.

சாட்டா அட்டை வாங்கி, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மதர்போர்டு மாறாததால் நெட் கிடைத்ததும் ஆக்டிவேஷன் தானாக நடந்துவிட்டது. இப்போது சட்டை மாட்டுவதற்குள் தயார். விளம்பரத்தில் போடுகிற நொடிக்கு 500 எம்பி கணக்கெல்லாம் பெரிய கோப்பை நகர்த்தும்போதுதான். ஹார்டு டிஸ்கில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் ஒரு முள் நகர்ந்துபோய்த் தேட வேண்டும், தடவைக்குப் பத்து மில்லி செகண்டுக்கு மேல். விண்டோஸ் எழும்போது அப்படி ஆயிரக்கணக்கில் தேடல். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை, அவ்வளவுதான் ரகசியம்.

திருநெல்வேலியிலிருந்து:

எனக்குப் பொருள் சரியாகத்தான் வந்தது சார், 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி. சொதப்பியது குளோனில், அதாவது பழைய டிஸ்கை அப்படியே புதுசுக்கு நகலெடுப்பதில். பழைய டிஸ்க் ஒரு மாதமாகவே டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. முழு டிஸ்கையும் அப்படியே குளோன் போட்டேன். பாதிக்கு மேல் போய், படிக்க முடியாமல் கெட்டுப்போன இடத்தில், பேட் செக்டாரில் நின்றது. அதற்கப்புறம் டிஸ்க் ஒழுங்காகவே எழவில்லை. தங்கை கல்யாணப் போட்டோவில் ரிசப்ஷன் ஃபோல்டர் மட்டும் போச்சு. முதலில் போட்டோவை மட்டும் காப்பி எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று, பழைய டிஸ்க் 9.5 மி.மீ. கனம், புதுசு 7 மி.மீ. உள்ளே ஆடியது. பெட்டியோடு அந்த இடைவெளியை அடைக்கிற ஸ்பேசர் தரவில்லை. வீட்டில் மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகினேன், இரண்டு வருஷமாக ஆடவில்லை.

ஆமாம், அந்த என்விஎம்இயைத் திருப்பி எடுத்தார்களா?

சென்னையிலிருந்து:

எடுக்கவில்லை, சீலைப் பிரித்தாயிற்றே. யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கேஸிலும் சாட்டாவுக்கு ஒன்று, என்விஎம்இக்கு ஒன்று உண்டு. இந்தத் தடவை அட்டையைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.