டேலி, சிஎன்சி, டிசைன்: எதை வீடியோவுல பழகோணும், எதைப் படிச்சுப் பழகோணும்?

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்கு:

டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் பத்தின வீடியோவைத் தொறந்ததும் மொதல்ல வெர்ஷனையும் தேதியையும் பாருங்க. சரக்கு திரும்பி வந்தா கிரெடிட் நோட் (பார்ட்டி பாக்கியைக் குறைக்கற சீட்டு) போட, பழைய டேலி இஆர்பி 9-ல கண்ட்ரோல்+எஃப்8. புது வெர்ஷனான டேலி பிரைம்ல அதே கீயை அமுக்கினா சேல்ஸ் ஆர்டர் தொறக்கும். கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட்+எஃப்6. ரெண்டு திரையும் ஒரே சாயல்ங்கறதால புதுப் பையன் பார்ட்டி பேரு, பீஸ் கணக்கு எல்லாம் அடிச்சு சேவ் பண்ணிடுவான். ஆர்டர் லெட்ஜர்ல, அதாவது பார்ட்டி கணக்கு ஏட்டுல ஏறாதுங்க. பார்ட்டி பாக்கி குறையாம அப்படியே நிக்கும், விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-1 போடறப்பத்தான் இடிக்கும்.

ஜிஎஸ்டி வரியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-க்கு முந்தின வீடியோவுல பீஸ் 1,000 ரூபா வரைக்கும் 5, மேல போனா 12 சதவீதம்னு போட்டுக் காட்டுவாங்க. இப்ப 2,500 வரைக்கும் 5, மேல 18. எழுதி வெச்ச குறிப்புன்னா ஒரு வரியைத் திருத்தினாப் போதும். வீடியோன்னா திரும்ப எடுக்கோணும், யாரும் எடுக்கறதில்லை.

கோவை பீளமேடு, லேத் புரோகிராமிங்:

மேல திருப்பூர் அண்ணா சொல்ற தப்பு லெட்ஜரோட போகுது. எங்க பக்கம் டூலே ஒடையும். சிஎன்சி லேத்தை (புரோகிராம்ல ஓடற கடைசல் மெஷினை) ஓட்டற ஃபானக் கன்ட்ரோல்ல, டூல் எங்க போகோணும்னு சொல்ற எக்ஸ்50-க்குப் பின்னாடி புள்ளி வெச்சா 50 மில்லிமீட்டர். புள்ளி இல்லீன்னா, வழக்கமான செட்டிங்ல 0.05 மில்லிமீட்டர். ஃபோன்ல 360பி-ல பாக்கறவனுக்கு அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணுங்க: பாராமீட்டர் 3401-ங்கற மெஷின் செட்டிங்ல பூஜ்யமாவது பிட் 1-ன்னு இருந்தா, புள்ளி வெக்காட்டியும் 50 மில்லிமீட்டராவே எடுத்துக்கும். வீடியோ எடுத்தவர் மெஷின்ல அப்படி வெச்சிருப்பாரு. அதனால அவருக்கு ஓடும், உங்களுக்கு ஓடாது.

ஜி71-ங்கறது ரஃபிங், அதாவது உலோகத்தை வெட்டு வெட்டாக் கழிக்கறதுக்கான கட்டளை. அதுல மொத வரி யூ2.0, ஒரு வெட்டோட ஆழம், ஆரக் கணக்கு. ரெண்டாவது வரில வர்ற யூ0.4 ஃபினிஷிங்குக்கு (கடைசி வெட்டுக்கு) விடற மிச்சம், விட்டக் கணக்கு. "யூ போட்டுக்கோங்க"ன்னு வாயில சொல்லிட்டுப் போயிடறாங்க. ரெண்டு யூவையும் மாத்திப் போட்டா ரஃபிங் அஞ்சு மடங்கு வெட்டு சுத்தும். பின்னாடி ஃபினிஷிங் டூல் பக்கத்துக்கு 1 மில்லிமீட்டரை ஒரே வெட்டுல வாங்கி இன்செர்ட்ங்கற வெட்டுத் துண்டோட நுனி தெறிக்கும். மேனுவல்ல ஜி71 படம் போட்ட அந்த ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்துல ஒட்டுங்க.

திருப்பூர், ஸ்கிரீன் பிரிண்டிங் டிசைன்:

வீடியோவை ஒரேடியா ஒதுக்காதீங்க. டிசைன் சாஃப்ட்வேர்ல இருக்கற பெசியர் டூல்ல வளைவு போடறதை எந்தக் குறிப்பும் கத்துக்குடுக்காது. புள்ளியை அமுக்கி, விடாம, வளைவு போற திக்குல இழுக்கோணும். எவ்வளவு தூரம் இழுக்கறதுங்கறது கை அசையறதைப் பாத்தாத்தான் வரும். படிச்சு மட்டும் பழகினவங்க ஒரு வட்டத்துக்கு இருவது நோட் (கோட்டுல வெக்கற புள்ளி) வெப்பாங்க, நாலு போதும். நோட் கூடினா பிரிண்டுக்கு எடுக்கற ஃபிலிம்ல ஓரம் நெளியும், பிரிண்ட்லயும் அது அப்படியே விழும்.

கம்ப்யூட்டர்ல யூடியூப் பாருங்க, வேகம் 0.75. கே அமுக்கினா நிக்கும், ஜே 10 செகண்ட் பின்னாடி போகும். நிறுத்தின பிறகு கமாவும் புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமா நகத்தும். மவுஸ் எந்த எடத்துல விடறாங்கன்னு அதுல புடிச்சுக்கலாம்.